வெள்ளையாகத் திருப்பித் தர வேண்டும்

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தில்
பொடி எழுத்தில் இருந்தது:
காலி செய்யும்போது சுவர்கள் வெள்ளையாக இருக்க வேண்டும்.
கையெழுத்துப் போட்டேன்.
காலி செய்யும்போதுதானே.

பீல் நகரில் நவம்பர் என்றால்
ஏரியே எழுந்து வந்து தெருவில் நிற்கும்.
எதிர்வீட்டுக் கூரை இல்லை,
தேவாலயக் கோபுரம் இல்லை,
நான்காம் மாடியில் நானும் வெள்ளைச் சுவர்களும் மட்டும்.
மூன்று குளிர்காலம் அப்படித்தான் இருந்தேன்,
பல் டாக்டரின் வரவேற்பறையில்
பெயர் கூப்பிடக் காத்திருப்பவள் போல.

பகலெல்லாம் தொழிற்சாலையில்
கைக்கடிகார முகப்புகளின் மேல்
பூதக்கண்ணாடி வைத்துத் தூசி தேடுகிறவள் நான்.
குறையில்லாத வெள்ளை எப்படி இருக்கும் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

பெயின்ட் கடைப் பையன்
நிற அட்டையை விசிறி போல் விரித்தான்.
எல்லாவற்றுக்கும் இலக்கம்.
எனக்கோ நிறங்கள் சேலைக்கடை வழியாகத்தான் பழக்கம்:
வெங்காயச் சருகு, எலிக்குஞ்சு,
அரக்கு, மாம்பழம்,
மயில்கழுத்து.
மயில்கழுத்தை ஜெர்மன் மொழியில் எப்படிக் கேட்பது?
கைப்பேசியில் மயிலைக் காட்டினேன்.
பறவைத் தீனி அடுத்த கடையில் என்றான்.
கழுத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன்.
'ஆ' என்றான்.
இயந்திரம் இரண்டு நிமிடம் குலுங்கியது.

பூசும் முன்
சுவிட்சின் மூடியைக் கழற்றினேன்.
வெள்ளைக்கு அடியில் பிஸ்தாப் பச்சை.
பச்சைக்கு அடியில் பூத்தாள் ஒரு கிழிசல்,
செம்மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் வட்டம்.
அதற்கும் அடியில்
வெட்கமே இல்லாத ரோஸ்.
ஆக, இந்த வீட்டில் யாரும் சும்மா இருந்ததில்லை.
ஆசைப்பட்டிருக்கிறார்கள்.
கடைசி வாரம் வெள்ளையடித்து
சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
தூரிகையை முக்கினேன்.

சனிக்கிழமைகளில் பழம்பொருள் கிடங்கு.
புரோக்கி என்பார்கள் இங்கே.
யாரோ இறந்து, யாரோ பிரிந்து,
யாரோ வெறுமனே அலுத்துப்போய்
விட்டுச் சென்றவை.
கடுகு நிற வெல்வெட் நாற்காலி ஒன்று,
இடது கைப்பிடி மட்டும் தேய்ந்தது.
முழங்கையை ஊன்றி யாரோ
நெடுநாள் யோசித்திருக்கிறார்.
பிறகு அந்த விளக்கு:
காளான் வடிவம், தோடம்பழ நிறம்,
அடியில் குத்திய ஆண்டின்படி
என்னைவிட நான்கு வயது மூத்தது,
பன்னிரண்டு பிராங்க்.
மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்.
ஒரு குழந்தை கையசைத்தது.
எனக்கல்ல.

கோமளா வந்தாள், குகநேசனோடு.
அவர்கள் வீட்டில் சாம்பல் சோபா, சாம்பல் திரை,
விரல் பட்டால் துடைக்க
மேசைக்கு அடியில் ஒரு துணி.
"வாடகைச் சுவருக்கு இவ்வளவு செலவோ?" என்றாள்.
சித்தர் மாதிரி ஏதாவது சொல்ல வாயெடுத்தேன்,
இந்த உடம்பே வாடகைதான் என்கிற ரகத்தில்.
நல்லவேளை, பால் பொங்கியது.
திரும்பி வந்தால்
குகநேசன் கடுகு நாற்காலியில்.
முழங்கை சரியாக அந்தத் தேய்ந்த இடத்தில்.
கோமளா சப்பாத்து மாட்டிய பிறகும்
அவர் எழவில்லை.

கணக்குப் பார்த்துவிட்டேன்.
மயில்கழுத்தை மறைக்க மூன்று பூச்சு,
இரண்டு வாளி,
ஒரு வார இறுதி, ஒரு முதுகுவலி.
என் கடன் அவ்வளவுதான்.
தருவேன்.
சுவிட்ச் மூடிக்குள்ளே மட்டும் தொட மாட்டேன்.

இன்று மணி நாலரைக்கே
தெருவை ஏரி விழுங்கிவிட்டது.
கொத்துரொட்டி கொண்டுவரும் பையன்
கீழே எங்கோ நின்று போன் எடுக்கிறான்.
"அக்கா, ஒண்டுமே தெரியேல்லை. எந்த வீடு?"
விளக்கைப் போடுகிறேன்.
"மேலே பார். ஒரு தோடம்பழம் தெரியுதோ?"
சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு,
"ஓம்."